அத்தியாயம் 7: அழற்சியின் குறிகளும் ஆயுளும்

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் உள்ள இரத்தச் சுத்திகரிப்பு நிலையங்களில், வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு பிணைந்து கிடக்கும் நோயாளிகளுக்கு, குறித்த காலத்துக்கு ஒரு முறை இரத்தப் பரிசோதனை முடிவுகளைத் தாங்கிய தாள் ஒன்று கையில் தரப்படுகிறது. அத்தாளில் எண்கள் நிறைய இருந்தாலும், நோயாளியும் அவர் வீட்டாரும் தேடிப் பார்ப்பவை இரண்டு மூன்றுதான். “அங்கிள், இந்த மாசம் பொட்டாசியம் ஏறிப்போச்சே, வாழைப்பழமா இளநியா?” என்று மிஸ்ஸி எனப்படும் தாதி கேட்க, “ஒரே ஒரு நாள்தான் குடிச்சேன் மிஸ்ஸி” என்று அவர் சொல்ல, சிவப்பு மையால் வட்டமிட்ட அந்த ஓர் எண்ணோடு பேச்சு முடிந்து, தாள் மடிக்கப்பட்டுப் பைக்குள் போய்விடுகிறது. பொட்டாசியத்தைக் கவனிப்பது மிக அவசியம். அது அளவு மீறினால் ஒரே இரவில் இருதயத்தை நிறுத்திவிடக் கூடியது. ஆயினும் அதே தாளில் வட்டமிடப்படாமல் நிற்கும் அல்புமின், சி.ஆர்.பி. என்னும் இரண்டு எண்கள், வரப்போகும் மாதங்களையும் வருஷங்களையும் பற்றிச் சொல்லும் செய்தி அதற்குச் சிறிதும் குறைந்ததன்று. அவற்றை எப்படிப் படிப்பது, படித்த பின் என்ன செய்வது என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

காலில் முள் தைத்த இடம் சிவந்து, வீங்கி, சூடேறி, வலிப்பதை எல்லோரும் அறிவர். சரீரம் தன்னைக் காத்துக்கொள்வதற்காக அந்த இடத்துக்கு இரத்தத்தையும் வெள்ளணுக்களையும் திரட்டி அனுப்புவதன் விளைவே அது. அதற்கே அழற்சி என்று பெயர். முள் வெளியேறிப் புண் ஆறியதும் அழற்சியும் அடங்கிவிடுவது இயற்கை. சிறுநீரகம் செயலிழந்தவரிடத்திலோ அது அடங்குவதில்லை. கழியாமல் தேங்கும் நச்சுப் பொருள்கள், நீர் தேங்கிக் கனத்த உடம்பு, வாரந்தோறும் இரத்தம் பட்டுச் செல்லும் செயற்கைச் சவ்வும் குழாய்களும், அவற்றோடு எங்கோ ஒரு மூலையில் ஒளிந்து கிடக்கும் சிறு கிருமித் தொற்று ஆகிய இவையெல்லாம் ஒன்று சேர்ந்து, காய்ச்சலும் வலியும் காட்டாமலேயே, மாதக்கணக்கில் ஒரு மந்தமான அழற்சியை உள்ளே நடத்திக்கொண்டிருக்கின்றன. வெளியே தெரியாத அதனை இரத்தத்தில்தான் அளந்து அறிய வேண்டும்.

அளக்கும் கருவியாக நமக்கு வாய்த்திருப்பது சி-ரியாக்டிவ் புரோட்டீன் என்னும் ஒரு புரதம், சுருக்கமாகச் சி.ஆர்.பி. 1930-இல் நியூயார்க்கில் உள்ள ராக்கஃபெல்லர் ஆராய்ச்சிக் கழகத்தில் டில்லெட், பிரான்சிஸ் என்னும் இருவர், நிமோனியாக் காய்ச்சல் கண்டவர்களின் இரத்தத்தில், அந்நோயின் கிருமியுடைய அணுச்சுவர்ப் பொருள் ஒன்றோடு கலந்து படிவாகும் ஒரு பொருள் இருப்பதையும், நோய் தீர்ந்ததும் அது மறைந்துவிடுவதையும் கண்டார்கள். எங்கேனும் அழற்சி எழுந்தால், அங்குள்ள அணுக்கள் இன்டர்லூக்கின்-6 என்னும் தூதுப் பொருளை அனுப்ப, அச்செய்தி பெற்ற கல்லீரல் சில மணி நேரத்துக்குள் இப்புரதத்தை உண்டாக்கத் தொடங்குகிறது. ஏறத்தாழ இரண்டு நாளில் அது உச்சத்தை அடைகிறது. மூலகாரணம் நீங்கினால், சுமார் 19 மணி நேரத்துக்கு ஒரு முறை பாதி பாதியாகக் குறைந்து சில நாளில் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. இந்தக் கடைசி விஷயத்தை வாசகர் நன்கு மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஏனெனில் இரண்டு மாதத்துக்கு மேலும் சி.ஆர்.பி. உயர்ந்தே இருக்கிறது என்றால், பழைய நோயின் மிச்சம் என்று அதற்குச் சமாதானம் சொல்ல இடமில்லை. அதை உண்டாக்கும் காரணம் இன்றும் உள்ளே இருக்கிறது என்பதே பொருள்.

அல்புமினின் கதை வேறு. அதுவும் கல்லீரலில் உண்டாகும் புரதமே. ஆனால் அழற்சி எழும்போது கல்லீரல் சி.ஆர்.பி.யைப் பெருக்கி அல்புமினைக் குறைத்துக்கொள்கிறது. அல்புமினின் அரை ஆயுள் மூன்று வாரத்தை ஒட்டியது. ஆதலால் அது மெதுவாக இறங்கி மெதுவாக ஏறும். உணவுக் குறைவினாலும் அது இறங்கும், உடம்பில் நீர் மிகுந்து நீர்த்துப்போவதாலும் இறங்கும், சிறுநீர் வழியாகப் புரதம் கசிவதாலும் இறங்கும். எனவே அல்புமின் இறங்கியதற்குக் காரணம் இன்னதென்று அல்புமினை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது, பக்கத்தில் சி.ஆர்.பி.யை வைத்துப் பார்த்தால்தான் பாதிச் சந்தேகமாவது தீரும்.

இவ்விரண்டும் ஆயுளோடு எவ்வாறு தொடர்புடையன என்பதைச் சென்ற முப்பது நாற்பது ஆண்டுகளின் ஆராய்ச்சிகள் ஐயத்துக்கு இடமின்றி நிறுவியிருக்கின்றன. 1990-இல் அமெரிக்காவில் லவ்ரி, லியூ என்னும் இருவர், சுத்திகரிப்பில் இருந்த 12,000-க்கும் மேற்பட்டவர்களின் சாதாரணப் பரிசோதனைக் கணக்குகளை ஆராய்ந்து, மரண அபாயத்தை முன்கூட்டிக் காட்டிய குறிகளில் அல்புமின் மிக வலியது என்று கண்டார்கள். லிட்டருக்கு 40 கிராமுக்குச் சற்றே கீழே இறங்கியவர்களிடத்திலும் அபாயம் கூடியிருந்தது. 1999-இல் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் சிம்மர்மனும் வானரும் அவர் துணைவர்களும் 280 நோயாளிகளை இரண்டு ஆண்டு பின்தொடர்ந்து பார்த்து, சி.ஆர்.பி. உயர்ந்தவர்களிடையே இருதய நோயால் நேரும் மரணமும் மொத்த மரணமும் மிக அதிகம் என்று வெளியிட்டார்கள். அதே ஆண்டில் ஸ்டாக்ஹோமில் ஸ்டென்வின்கல் என்பவரும் அவருடன் உழைத்தவர்களும், உடல் மெலிவு, அழற்சி, இரத்தக் குழாய்த் தடிப்பு ஆகிய மூன்றும் சிறுநீரக நோயாளியிடம் கைகோத்து வருவதை எடுத்துக் காட்டினார்கள். அதற்குப் பின் பல தேசங்களிலிருந்து வந்த ஆய்வுகள் இம்முடிவுகளை மீண்டும் மீண்டும் உறுதிப்படுத்தியிருக்கின்றன.

இதன் உள்விவரம் அறிந்துகொள்ளத் தக்கது. அழற்சியின் தூதுப் பொருள்கள் பசியை மந்தமாக்குகின்றன, தசையைக் கரைக்கின்றன, இரத்தக் குழாயின் உட்சுவரைப் புண்ணாக்கி அதில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிய வழி செய்கின்றன, இரும்புச் சத்தைச் சேமிப்பறைக்குள் பூட்டி வைத்து இரத்த சோகையை வளர்க்கின்றன. சுத்திகரிப்பில் இருப்பவர்களின் உயிரைப் பறிப்பதில் இருதய நோய்க்கே முதல் இடம், தொற்று நோய்கள் அதற்குப் பின்னே வருகின்றன. இவ்விரண்டு பாதைகளிலும் அழற்சி குறுக்கிடுகிறது.

இங்கே ஒரு வார்த்தை, பயந்த சுபாவமுள்ள வாசகர்களுக்காக. மேற்சொன்ன ஆராய்ச்சிகள் கூட்டத்தைப் பற்றியவை. தனி ஒருவரின் நாளைக் குறித்துக் கொடுப்பவை அல்ல. சி.ஆர்.பி. 30 காட்டிய ஒருவர், காரணம் கண்டுபிடிக்கப்பட்டு நீக்கப்பட்ட பின் பல ஆண்டு நலமாக வாழக் கூடும். ஜாதகத்தைப் பார்ப்பது போல இந்த எண்ணைப் பார்த்து மனம் உடைந்துபோவது வீண். தேடிப் பார்க்கச் சொல்லி வரும் அழைப்பாகக் கொள்வதே தகும்.

மலேசியாவில் சிறுநீரக நோயாளிகளின் விவரங்கள் 1992 முதல் தேசியப் பதிவேட்டில் திரட்டப்பட்டு ஆண்டறிக்கைகளாக வெளிவருகின்றன. நாட்டில் இன்று 40,000-க்கும் அதிகமானோர் சுத்திகரிப்பில் இருக்கிறார்கள். புதிதாகச் சேர்வோரில் பாதிக்கு மேற்பட்டவர்களின் சிறுநீரகத்தைக் கெடுத்தது நீரிழிவு. நம்மவர்களிடையே நீரிழிவு எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைப் பினாங்குத் தமிழருக்கு நான் சொல்லத் தேவையில்லை. நீரிழிவு தனியாகவே இரத்தக் குழாயைக் கெடுப்பது. கால் புண்ணையும் பல் ஈறு நோயையும் வளர்ப்பது. ஆதலால் நீரிழிவோடு சுத்திகரிப்புக்கு வந்தவர் இந்த அத்தியாயத்தை மற்றவர்களைக் காட்டிலும் இரட்டிப்புக் கவனத்தோடு படிக்க வேண்டும்.

எண்களைப் படிக்கும் முறை

முதலில் அலகைப் பாருங்கள். இங்குள்ள பரிசோதனைக் கூடங்கள் அல்புமினை லிட்டருக்கு இத்தனை கிராம் என்று எழுதுகின்றன. சென்னையிலோ திருச்சியிலோ உறவினரைப் பார்க்கப் போன இடத்தில் சுத்திகரிப்புச் செய்துகொண்டு திரும்புகிறவர் கொண்டுவரும் தாளில் டெசிலிட்டருக்கு இத்தனை கிராம் என்று இருக்கும். இங்கே 35 என்பதும் அங்கே 3.5 என்பதும் ஒன்றே. சி.ஆர்.பி.க்கும் இவ்வித்தியாசம் உண்டு. லிட்டருக்கு 20 மில்லிகிராம் என்பதைச் சில கூடங்கள் டெசிலிட்டருக்கு 2 என்று எழுதும். அலகைக் கவனியாமல் எண்ணை மட்டும் ஒப்பிட்டால், உயர்ந்திருப்பதைத் தாழ்ந்தது என்று எண்ணிச் சும்மா இருந்துவிடும் அபாயம் நேரும்.

சி.ஆர்.பி. லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு உட்பட்டிருப்பது இயல்பு என்று பெரும்பாலான கூடங்கள் கொள்கின்றன. சுத்திகரிப்பில் இருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் முதல் பாதிப் பேர் வரை அந்த எல்லைக்கு மேலேயே இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. அவ்வளவு பேருக்கு இருக்கிறதே, எனக்கும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று எவரும் எண்ண வேண்டாம். பரவலாக இருப்பதால் ஒன்று தீங்கற்றதாகிவிடாது. அல்புமினைப் பொறுத்தவரை 40-க்கு மேல் இருப்பது நல்லது. 35-க்குக் கீழே போனால் டாக்டரிடம் காரணம் கேட்டே ஆக வேண்டும். ஒரு கூடத்தின் சோதனை முறைக்கும் இன்னொன்றின் முறைக்கும் அல்புமினில் சில கிராம் வித்தியாசம் வருவதுண்டு. ஆகையால் இயன்றவரை ஒரே கூடத்தின் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவதே நியாயம்.

ஒரு முறை எடுத்த சி.ஆர்.பி.யை வைத்து முடிவு கட்டுவது பெரும் பிழை. எடுத்துக்காட்டாக, ஒருவரின் நான்கு பரிசோதனைகளில் அது 3, 4, 38, 5 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் முறை அவருக்குச் சளிக் காய்ச்சல் இருந்திருக்கும். அது வந்தது, போயிற்று. இன்னொருவருக்கு 9, 14, 17, 22 என்று வருகிறது. அவருடைய அல்புமின் அதே காலத்தில் 38, 36, 34, 32 என்று இறங்குகிறது. 38-ஐக் கண்டு முதலாமவரின் வீட்டார் பதறுவர். 22-தானே என்று இரண்டாமவரின் வீட்டார் சும்மா இருப்பர். உண்மையில் கவலைப்பட வேண்டியவர் இரண்டாமவரே. ஏறிக்கொண்டே போகும் சி.ஆர்.பி.யும் இறங்கிக்கொண்டே போகும் அல்புமினும் ஒருங்கே தோன்றுவதைப் போன்ற தெளிவான எச்சரிக்கை அந்தத் தாளில் வேறு இல்லை. அதைக் காண வேண்டுமானால் பழைய தாள்களைப் பாதுகாத்து, ஒரு குறிப்பேட்டில் தேதியிட்டு இவ்விரண்டு எண்களையும் அடுத்தடுத்து எழுதிவர வேண்டும். படித்த பிள்ளைகள் உள்ள வீட்டில் இது ஐந்து நிமிஷ வேலை.

துணைக் குறிகள் சில உண்டு. ஃபெரிட்டின் என்பது இரும்புச் சேமிப்பைக் காட்டுவது என்று எல்லோரும் அறிவர். ஆனால் அழற்சியிலும் அது உயரும். ஃபெரிட்டின் மிகுந்து, இரும்புச் செறிவு விகிதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், இரும்பு உள்ளே இருந்தும் பயன்படாமல் பூட்டப்பட்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். எரித்ரோபொயட்டின் ஊசியின் அளவை ஏற்றிக்கொண்டே போயும் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்றால், ஊசியைக் குறை கூறுமுன் அழற்சியைத் தேட வேண்டும். சாதாரண இரத்த அணுக் கணக்கில் நியூட்ரோபில் எண்ணை லிம்போசைட் எண்ணால் வகுத்து வரும் விகிதமும் ஒரு குறியே, 5.4-ஐ 1.2-ஆல் வகுத்தால் 4.5. அவ்விகிதம் உயர்ந்தவர்களின் ஆயுள் குறைவு என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தனிச் செலவில்லாத கணக்கு ஆதலால், சி.ஆர்.பி. எடுக்காத நிலையங்களில் இருப்பவர்களுக்கு இது ஓரளவு உதவும். ஸ்டீராய்டு மருந்து உண்பவரிடத்தில் இவ்விகிதம் பொய் சொல்லும். இ.எஸ்.ஆர். என்னும் பழைய சோதனையோ சுத்திகரிப்பில் உள்ளோர் அநேகரிடமும் உயர்ந்தே இருப்பதால் அதிகப் பிரயோஜனம் தராது. இன்டர்லூக்கின்-6-ஐ நேரே அளப்பது சி.ஆர்.பி.யைவிடக் கூர்மையானது, எனினும் அது சுத்திகரிப்பு நிலையங்களின் வழக்கமான சோதனைகளில் ஒன்றன்று.

மூலத்தைத் தேடுதல்

சி.ஆர்.பி. உயர்ந்து நிற்கிறது என்று தெரிந்த பின், டாக்டரின் முதற்பார்வை இரத்தம் வெளியே வந்து போகும் வாயிலின் மேல் விழ வேண்டும். கழுத்தில் கதீட்டர் என்னும் குழாய் பொருத்தியவர்களுக்குத் தொற்று அபாயம், கையில் இரத்தக் குழாய்களை இணைத்து அமைத்த ஃபிஸ்டுலா உள்ளவர்களைவிடப் பல மடங்கு அதிகம்; தொற்று இல்லாத வேளையிலும் அழற்சியின் அளவு அவர்களிடம் கூடியிருப்பது வழக்கம். பயத்தினாலோ, கை பார்ப்பதற்கு விகாரமாகிவிடும் என்ற வருத்தத்தினாலோ, ஃபிஸ்டுலா அறுவையை மாதக்கணக்கில் தள்ளிப்போட்டுக் கதீட்டரோடே காலங்கழிப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் கூறுவது ஒன்றே: ஆயுளை நீட்டும் பொருட்டு நீங்களாக எடுக்கக்கூடிய முடிவுகளில் ஃபிஸ்டுலா அமைத்துக்கொள்வதைவிடப் பெரியது அரிது. கதீட்டர் உள்ளவரை அதன் கட்டு நனையக் கூடாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பதை விட்டு, உடம்பைத் துடைத்துக்கொள்ள வேண்டும்.

முன்பு செயற்கைக் குழாய் வைத்து அது அடைபட்டுப் போன பின் கையிலேயே விட்டுவைத்திருப்பவர்கள், அதைப் பற்றி டாக்டரிடம் நினைவூட்ட வேண்டும். வலியோ சிவப்போ இல்லாமலே அதற்குள் கிருமி குடியிருந்து வருஷக்கணக்கில் அழற்சியை ஊட்டுவது ஆராய்ச்சிகளில் தெரியவந்த உண்மை. அதைப் போன்றதே, மாற்றிப் பொருத்திச் செயலிழந்துபோன சிறுநீரகம். முந்திய காலத்தில் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் சென்று சிறுநீரகம் வைத்துக்கொண்டு திரும்பிய மலேசியர் பலர். அவ்வுறுப்பு ஓய்ந்த பின் அவர்கள் மீண்டும் இயந்திரத்துக்கு வந்திருக்கிறார்கள். ஓய்ந்த உறுப்பு உள்ளேயே இருந்து அழற்சிக்குக் காரணமாவதுண்டு. அதை எடுத்துவிட்ட பின் சி.ஆர்.பி. இறங்கி அல்புமின் ஏறிய நோயாளிகளைப் பற்றிய ஆய்வுகள் இருக்கின்றன. எடுப்பதா, விடுவதா என்பது நிபுணர் தீர்மானிக்க வேண்டிய விஷயம். ஆனால் அப்படி ஒன்று உள்ளே இருக்கிறது என்பதைப் புதிய நிலையத்தாருக்குச் சொல்ல வேண்டியது நோயாளியின் பொறுப்பு.

இனிக் கால்கள். நீரிழிவினால் உணர்ச்சி மங்கிய பாதத்தில் ஏற்படும் சிறு வெடிப்பு, உடையவருக்கே தெரியாமல் எலும்புவரை போய்விடும். தைப்பூசத்தில் ஜார்ஜ் டவுன் தெருக்களிலிருந்து தண்ணீர்மலைக்கு இரதத்தைப் பின்தொடர்ந்து செருப்பில்லாமல் நடந்து, ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகளில் ஏறி முருகனைத் தரிசிப்பது நம்மவர்களின் நெஞ்சோடு கலந்த வழக்கம். அந்தத் தார்ச்சாலையின் வெயிற்சூடும், வழியெங்கும் சிதறுதேங்காயின் ஓட்டுச் சில்லுகளும், உணர்ச்சியுள்ள காலுக்கே சோதனை. சுத்திகரிப்பில் இருக்கும் நீரிழிவுக்காரர் செருப்போடு சாலையோரத்தில் நின்று இரதத்தைக் கும்பிடுவதில் பக்திக்கு யாதொரு குறைவும் இல்லை என்பது என் துணிபு. அப்படியும் நேர்ந்துகொண்டு நடந்தே தீருவேன் என்பவர், அன்றிரவும் அடுத்த ஏழு நாளும், வீட்டில் உள்ள வேறொருவரைக் கொண்டு விரல் இடுக்குகளையும் குதிகாலையும் விளக்கு வெளிச்சத்தில் பார்க்கச் சொல்ல வேண்டும். நடக்காதவர்களுக்கும் வாரம் ஒரு முறை இந்தச் சோதனை வேண்டியதே.

பல்லைப் பற்றி நினைப்பவர் அரிது. ஈறு வீங்கி, துலக்கும்போது இரத்தம் கசிவது சிறு விஷயமாகத் தோன்றும். ஆனால் பல் ஈறு நோய் வாய் முழுவதும் பரவினால், அதன் புண்பட்ட பரப்பு உள்ளங்கையளவுக்கு வரக் கூடும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பல் மருத்துவரிடம் செல்லுங்கள். சுத்திகரிப்பின்போது இரத்தம் உறையாதிருக்க ஹெப்பாரின் செலுத்துவதால், பல் எடுப்பது போன்ற சிகிச்சையைச் சுத்திகரிப்பு இல்லாத நாளில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த நிலையத்தில் இருக்கிறீர்கள் என்பதை அவருக்குச் சொல்லுங்கள்.

காசநோய் மலேசியாவை விட்டு நீங்கிவிடவில்லை. ஆண்டுதோறும் 20,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு அது காண்கிறது. சுத்திகரிப்பில் இருப்பவர்களை அது எளிதில் பற்றும். அவர்களிடத்தில் இருமலே இல்லாமல், கழுத்துக் கட்டியாகவோ வயிற்றுக்குள்ளோ எலும்பிலோ மறைந்திருக்கவும் செய்யும். தோலில் ஊசி போட்டுச் சோதிப்பது இவர்களிடம் பல வேளை ஒன்றும் இல்லை என்றே காட்டிவிடும். மாலையில் மெல்லிய காய்ச்சல், இரவில் வியர்வை, காரணமில்லாத எடைக் குறைவு, ஏறிய சி.ஆர்.பி. ஆகிய இவை சேர்ந்திருந்தால் “டி.பி.யாக இருக்குமா?” என்று டாக்டரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள்.

நீரும் ஒரு காரணமாகலாம். ஒரு தடவை சுத்திகரிப்பில் நூறு லிட்டருக்கு மேற்பட்ட நீர், மெல்லிய சவ்வின் மறுபுறத்தில் நோயாளியின் இரத்தத்தை ஒட்டி ஓடுகிறது. அந்நீரில் உள்ள கிருமிகளின் சிதைவுப் பொருள்கள் சவ்வைத் தாண்டி உள்ளே வந்து அழற்சியை எழுப்பவல்லவை. உயர்ந்த தூய்மைக்கு உலக அளவில் வகுத்த அளவு, பத்து மில்லிலிட்டரில் ஒரு கிருமிக்கும் குறைவு என்பது. நிலையத்தின் நீர்ச் சோதனை எப்போது நடந்தது, முடிவு என்ன என்று கேட்பது நோயாளியின் உரிமை. நன்றாக நடக்கும் நிலையம் அந்தப் பதிவைக் காட்டத் தயங்காது. ஒரே வேளையில் உங்களோடு படுத்திருக்கும் இரண்டு மூன்று பேருக்கு நடுக்கம் கண்டால், அதை உடனே மிஸ்ஸியிடம் சொல்லுங்கள். உடம்பில் தேங்கும் மிகை நீரும் அழற்சியை வளர்க்கிறது. இரண்டு சுத்திகரிப்புகளுக்கு நடுவே எடை அளவுக்கு மீறி ஏறாமல் பார்த்துக்கொள்வதற்கு அதுவும் ஒரு காரணம். புகை பிடிப்பவர் அதை விட வேண்டும் என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

வயிற்று வழிச் சுத்திகரிப்புச் செய்துகொள்பவர்கள், நாள்தோறும் பையின் வழியே சில கிராம் புரதத்தை இழப்பதால், அவர்களின் அல்புமின் சற்றுத் தாழ்ந்தே இருக்கும்; வெளியே வரும் நீர் கலங்கியிருந்தால் அது வயிற்றுறைத் தொற்று என்று கொண்டு, அந்தப் பையையும் எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உணவும் மருந்தும்

அநேகருக்கு நேரும் ஒரு தீங்கை இங்கே சொல்லியாக வேண்டும். சிறுநீரகம் பழுதாகத் தொடங்கிய காலத்தில், புரதத்தைக் குறைத்து உண்ணுமாறு டாக்டர் சொல்லியிருப்பார். அது அந்தக் காலத்துக்கு உரிய அறிவுரை. சுத்திகரிப்பு ஆரம்பமான பிறகு விதி தலைகீழாகிறது. ஒவ்வொரு தடவையும் புரதத்தின் கூறுகள் சில கிராம் இயந்திரத்தோடு போய்விடுவதால், உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் நாள்தோறும் வேண்டும் என்பதே இன்றைய நெறி. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 60 முதல் 72 கிராம். ஆனால் பழைய அறிவுரையே வேதவாக்காக மனத்தில் பதிந்து, மீனையும் முட்டையையும் ஒதுக்கி, ரசஞ்சோறே உண்டு மெலிந்துகொண்டிருப்பவர்கள் எத்தனையோ பேர். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். நூறு கிராம் கானாங்கெளுத்தி மீனில் 20 கிராமை ஒட்டி இருக்கும். பாஸ்பேட் மிகுந்தவர்கள் முட்டையின் வெள்ளைக் கருவை நம்பலாம். புரட்டாசி முழுவதும் சைவம் காப்பவர்கள், அந்த மாதத்துக்குத் தாஹூ, தெம்பே போன்ற சோயா உணவை எவ்வளவு சேர்க்கலாம் என்று உணவு நிபுணரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நலம்.

ஆயினும், சி.ஆர்.பி. உயர்ந்திருக்கும் வரை உணவு மட்டும் அல்புமினை ஏற்றிவிடாது. உண்ட புரதத்தை உடம்பு கட்டுவதற்குப் பயன்படுத்தாதபடி அழற்சி தடுக்கிறது. அல்புமின் தாழ்ந்து சி.ஆர்.பி.யும் தாழ்ந்திருந்தால் தட்டைப் பாருங்கள். அல்புமின் தாழ்ந்து சி.ஆர்.பி. உயர்ந்திருந்தால் தட்டையும் பார்த்து, மூலத்தையும் தேடுங்கள்.

எண்ணைக் குறைக்க மருந்து இல்லையா என்று கேட்பவர்களுக்கு ஒரு பாடம் 2009-இல் கிடைத்தது. அரோரா என்னும் பெயருள்ள பேராய்வில், சுத்திகரிப்பில் இருந்த 2,776 பேரில் ஒரு பகுதியினருக்கு ரோசுவாஸ்டாட்டின் என்னும் கொழுப்பு மருந்து கொடுக்கப்பட்டது. கொழுப்பு இறங்கியது, சி.ஆர்.பி.யும் இறங்கியது, ஆனால் மாரடைப்பும் மரணமும் குறையவில்லை. அதற்கு முன் 2005-இல் ஜெர்மனியில் 1,255 நீரிழிவு நோயாளிகளிடம் அட்டோர்வாஸ்டாட்டினைச் சோதித்த ஆய்வும் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. இதனால் ஏற்கெனவே இம்மருந்துகளை உண்டு வருபவர் தாமாக நிறுத்திவிடக் கூடாது; டாக்டரிடம் கேட்டே எதையும் செய்ய வேண்டும். இன்டர்லூக்கின்-6-ஐத் தடுக்கும் மருந்து ஒன்று சி.ஆர்.பி.யைப் பெருமளவு குறைப்பதாக 2024-இல் செய்தி வந்தது. அது ஆயுளை நீட்டுமா என்பது இன்னும் நிறுவப்படவில்லை. எனவே அழற்சியைத் தணிக்கும் என்று விளம்பரம் செய்யும் மாத்திரைகளையும் லேகியங்களையும் ஜாமு மருந்துகளையும் நம்பிப் பணத்தை இழக்க வேண்டாம். நாட்டு மருந்தென்று விற்கப்படும் சிலவற்றில் ஸ்டீராய்டும் வலிநிவாரணியும் கலந்திருப்பது இந்நாட்டில் பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. அவை எண்ணை இறக்கிவிட்டு நோயை மறைத்துவிடும்.

பணம் இல்லை என்ற காரணத்தால் பரிசோதனையை விடுகிறவர்கள், தம் நிலையத்தின் பொறுப்பாளரிடம் மனந்திறந்து பேச வேண்டும். வேலை செய்து சந்தா கட்டியவர்களுக்குச் சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்பு நிறுவனமும், ஓய்வு பெற்ற அரசாங்க ஊழியர்களுக்குப் பொதுச் சேவைத் துறையும் சுத்திகரிப்புச் செலவில் உதவுகின்றன. 1969-இல் தோன்றிய தேசியச் சிறுநீரக அறக்கட்டளையும், பினாங்கில் 1997 முதல் இலவச நிலையம் நடத்தும் ட்ஸு சி என்னும் பௌத்த தர்ம ஸ்தாபனமும் இனம், மதம் பாராமல் ஏழைகளுக்குச் சேவை செய்கின்றன.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது குறிப்பேட்டை எடுத்துச் செல்லுங்கள். “டாக்டர், என்னுடைய சி.ஆர்.பி. நாலு தடவையா ஏறிட்டே இருக்கு. எதனாலன்னு தேடிப் பார்க்கணுமா?” என்று கேட்டால் போதும். நல்ல டாக்டர் அக்கேள்வியை வரவேற்பார்.

கடைசியாக, எந்த எண்ணுக்கும் காத்திராமல் செயற்பட வேண்டிய வேளை ஒன்று உண்டு. சுத்திகரிப்பின் நடுவிலோ வீட்டுக்கு வந்த பின்போ குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் கண்டால், பாராசிட்டமால் விழுங்கிப் போர்த்திக்கொண்டு விடியட்டும் என்று படுக்காதீர்கள். நிலையத்தில் இருந்தால் அப்போதே மிஸ்ஸியைக் கூப்பிடுங்கள். வீட்டில் இருந்தால், இரவு எத்தனை மணியானாலும், பெரிய மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். அங்கே முதற்சொல்லாக, நீங்கள் சுத்திகரிப்பில் இருப்பவர் என்பதையும், உங்களுக்குக் கதீட்டர் இருக்கிறதா ஃபிஸ்டுலா இருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள். கிருமிக்கொல்லி மருந்து ஏற்றுமுன் இரத்தத்தை எடுத்துக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புவதற்கு அந்த ஒரு தகவல் அவர்களுக்குத் தேவை.